சத்தம் குறைந்த இரவு

முதல் மூன்று மாதம் எனக்குத் தூக்கமே இல்லை.
தாலிஸின் நெஞ்சுக்குள்
யாரோ கைக்கடிகாரத்தை மறந்து வைத்துத் தைத்துவிட்டார்கள் என்று
ரீகா மருத்துவமனை மேல் கோபம்.
செயற்கை வால்வு அப்படித்தான் கேட்கும்,
பழகிவிடும் என்றார்கள்.
பழகியது.
பிறகு அந்த டிக் இல்லாமல் கண்மூட முடியாமல் போனது.

எடை தூக்கக் கூடாதவனுக்கு
மர அறுவை ஆலையில் என்ன வேலை?
கணக்கு எழுதக் கூப்பிட்டார்கள். போகவில்லை.
நவம்பரில் குல்டீகாவில் நாலு மணிக்கே இருட்டிவிடும்.
ஜன்னலோரம் உட்கார்ந்து
கம்பு ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து
உருண்டை செய்து வரிசையாக அடுக்குவான்.
தின்னமாட்டான்.

மாத்திரையை நம்பாதவள் இல்லை நான்.
இரத்தம் உறையாதிருக்க இரவு எட்டு மணிக்கு ஒன்று,
கீரை அளவோடு,
விரல்நுனிச் சொட்டில் பார்க்கும் எண்
இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில்:
எல்லாம் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது,
என் கையெழுத்தில்.

பரணில் மட்டும்
ஜூன் மாதத் திருநாளுக்கு நான் பறித்த கட்டுகள்
தலைகீழாகத் தொங்கின.
மஞ்சள் பூ. மொட்டை நசுக்கினால்
விரலெல்லாம் சிவப்பு.
எங்கள் மொழியில் அதற்குப் பெயரே இரத்தப் பச்சிலை.
துக்கத்துக்கு நல்லது என்று
இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.
காசு கொடுக்காமல், குனிந்து,
என் கையால் பறித்தது
எப்படிக் கெடுதல் செய்யும்?
காலையில் ஒரு கோப்பை, இரவில் ஒன்று, தேன் விட்டு.

வேலை செய்தது. அதையும் சொல்லியாக வேண்டும்.
மூன்றாம் வாரம் சவரம் செய்துகொண்டான்.
ஐந்தாம் வாரம் கணக்கெழுதப் போனான்;
முதலாளிக்குக் கூட்டல் வராது என்று
சிரித்துக்கொண்டே திரும்பினான்.
அந்தச் சிரிப்பில்
இரண்டு பரிசோதனைகளைத் தவறவிட்டோம்.
பனி, பஸ் வரவில்லை, ஏதோ ஒன்று.

பிப்ரவரி, வியாழக்கிழமை.
நடுராத்திரியில் விழித்தேன்.
எது எழுப்பியது என்று தெரியவில்லை.
எதுவும் எழுப்பவில்லை, அதுதான்.
அவன் முதுகில் காதை வைத்தேன்.
இருந்தது. ஆனால்
கம்பளியில் சுற்றிய கடிகாரம் மாதிரி இருந்தது.
படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று
ஞாயிறன்றே சொன்னான்.
வயசு என்றேன் நான்.

எண் ஒன்று புள்ளி மூன்று.
வால்வின் இதழில் கட்டி.
மாத்திரை தவறினாரா? டாக்டர் ஸன்தா கேட்டார்.
ஒருநாள்கூட இல்லை.
வேறென்ன சாப்பிடுகிறார்?
வேறொன்றும் இல்லை, டாக்டர்.
நான் பொய் சொல்லவில்லை.
அந்த ‘ஒன்றும்’ என்ற சொல்லுக்குள்
பத்து வாரம், நூற்றி நாற்பது கோப்பை இருந்தது.
தேநீரை யார் கணக்கில் சேர்ப்பார்கள்?

பெஞ்சில் என் பக்கத்தில் பிளாஸ்க்.
அவனுக்குத்தான், விழித்ததும் கொடுக்கலாமே என்று.
டாக்டர் மூடியைத் திறந்து முகர்ந்தார்.
கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.
இந்தப் பூவைக் குடித்தால்
ஈரல் சுறுசுறுப்பாகிவிடும்,
மாத்திரையை அதன் வேலை முடியுமுன்பே
துடைத்து வெளியே கொட்டிவிடும் என்றார்.
நல்ல வேலைக்காரிதான்.
கொஞ்சம் அதிகமாகச் சுத்தம் பார்ப்பவள்.
என்னைப் போல.

கட்டி கரைந்தது, பதினோரு நாளில்.
தேநீரை நிறுத்தினால் எண் எதிர்ப்பக்கம் ஏறுமாம்;
வாராவாரம் விரலை நீட்டச் சொன்னார்கள்.
துக்கத்துக்கும் ஒரு சீட்டு எழுதினார்கள்,
இந்த முறை முழுப் பட்டியலையும் கேட்டுவிட்டு.

மருந்துக்கடையில் அதே பூவின் பெட்டியைப் பார்த்தேன்.
முகப்பில் மஞ்சள் வயல், வெயில்.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பினேன்.
அடியில், எறும்பு வரிசையாய்,
எல்லாம் எழுதித்தான் இருந்தது.
பரணில் தொங்குவதற்கு அடிப்பக்கம் ஏது?

தாலிஸ் மறுபடி ரொட்டி உருட்டுகிறான்.
நேற்று ஒன்றை வாயில் போட்டுக்கொண்டான்.
ராத்திரி டிக், டிக் என்று
தூக்கம் கலைகிறது.
கலையட்டும்.